பாம்பைப் பிடித்துக்கொண்டு போகிறார்களே, எங்கே விடுகிறார்கள்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பன்னேர்கட்டா சாலையில், ஹுளிமாவு ஏரியைத் தாண்டி, புதிதாக வந்த ஒரு லேஅவுட்டில் இருக்கிறீர்கள். வீட்டை ஒட்டிக் காலி சைட், அதற்குப் பின்னால் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய். மழை பிடித்ததிலிருந்து மூன்று பாம்புகள் வந்துவிட்டன. முதலாவது, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் பென்சில் பருமனில் படமெடுத்து நின்ற குட்டி. இரண்டாவது, பட்டப்பகலில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக விறுவிறுவென்று போன ஆறடிப் பழுப்புப் பாம்பு. மூன்றாவது, இரண்டாம் மாடி பாத்ரூமில் இருந்த, வெள்ளைக் கோடு போட்ட கறுத்த பாம்பு. அதை செக்யூரிட்டி அடித்துவிட்டார். முதல் இரண்டையும் ஒருவர் வந்து பிடித்து, ‘பன்னேர்கட்டா காட்டில் விட்டுவிடுகிறேன்’ என்று கொண்டுபோயிருக்கிறார். அவருக்கே மாதச் சம்பளம் பேசிவிடலாம், காலி சைட்டைக் கொளுத்தலாம், சுற்றிலும் கார்பாலிக் ஆசிட் ஊற்றலாம் என்று அசோசியேஷனில் பேச்சு. கொண்டுபோன பாம்பு திரும்பி வருமா, குட்டியைத் தேடித் தாய் வருமா, உங்கள் தம்பி பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பாம்பைப் பிடித்து அனுப்பிவிட்டால் வீடு பத்திரமாகிவிடுமா? ஆகாது. பாம்பு உங்கள் இடத்துக்கு எதற்காக வந்ததோ அது அங்கேயே இருக்கும்வரை அடுத்தது வரும். பிடித்துக்கொண்டு போன பாம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்காது. நான் விலங்கியல் படித்தவன். பெங்களூரின் தென்பகுதியில் வனத்துறை அனுமதியோடு பல வருடங்களாகப் பாம்பு மீட்பில் இருக்கிறேன். பிடிப்பதையே வேலையாக வைத்திருப்பவன் பிடிக்காதீர்கள் என்று சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உங்களுக்கு வந்தவை என்ன என்று பார்ப்போம். விவரிப்பை மட்டும் வைத்துச் சொல்கிறேன், எனவே நிச்சயம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். செருப்பு ஸ்டாண்டில் இருந்தது நல்ல பாம்புக் குட்டி. படமெடுத்தது என்றால் அதில் சந்தேகம் இல்லை. கோடையில் முட்டையிட்டு, சுமார் இரண்டு மாதத்தில் குட்டிகள் வெளியே வரும். ஒரு ஈட்டில் 12 முதல் 20 முட்டை என்பது சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. பொரிந்ததும் ஒவ்வொன்றும் தன் வழியில் போய்விடும். அதனால் இதே பருவத்தில் அக்கம்பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு தென்பட்டால் ஆச்சரியம் இல்லை. குட்டிதானே என்று தொட்டுவிடக் கூடாது, பிறக்கும்போதே அதற்கு விஷம் உண்டு. தாய் தேடி வருமா என்றால், வராது. முட்டையோடு தாய் தங்கியிருப்பது உண்டு. குட்டி வெளியே வந்தபின் பாசமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. அடித்தவன் முகத்தை நினைவில் வைத்துத் தேடி வரும் என்பதெல்லாம் சினிமாவும் பாட்டி கதையும் சேர்ந்து நமக்குள் ஏற்றிவிட்டவை.

ஆறடியில், பகலில், வேகமாகப் போனது சாரையாகத்தான் இருக்க வேண்டும். விஷம் கிடையாது. எலி தின்னும் பாம்புகளில் உங்களுக்கு அதைவிட உபகாரி வேறு இல்லை. அதைப் பிடித்தே இருக்க வேண்டாம். பெரிய கண், ஒடுங்கிய தலை, உதட்டோரம் கறுப்புக் கோடுகள் இருந்தால் சாரை. சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கொண்டு ஆடும் என்று ஊரில் சொல்வார்களே, அதுவும் தவறு. நீங்கள் பார்ப்பது இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம்.

மூன்றாவதில்தான் எனக்குத் தயக்கம். வெள்ளைக் கோடு போட்ட கறுப்புப் பாம்பு என்றால் எல்லோரும் கட்டு விரியன் என்றே நினைப்பார்கள். ஆனால் இரண்டாம் மாடி பாத்ரூம் என்பது வெள்ளிக்கோல் வரையனின் இடம். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். பல்லி தின்பதற்காகச் சுவரேறி, குழாய் இடுக்கு வழியாக வந்துவிடும், விஷம் இல்லை. வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகிலேயே அகலமாகத் தொடங்கி வாலை நோக்கிப் போகப் போக மங்கும். கட்டு விரியனுக்குத் தலையை அடுத்துக் கொஞ்ச தூரம் வெறும் கறுப்பு. பிறகு மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால்வரை தெளிவாக இருக்கும். நடு முதுகில் ஓடும் செதில் வரிசை மற்றச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். உயிருள்ள பாம்பில் தள்ளி நின்று இதைப் பார்க்க முடியாது, நெருங்கிப் பார்க்க முயலவும் கூடாது. ஆகவே வரையனாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, எங்கே விடுகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றில் முக்கியமானது இதுதான். பாம்பைப் பிடித்துப் பையில் போட்டதும் கை தட்டிவிட்டுக் கலைந்துபோகிற கூட்டத்தில் யாரும் இதைக் கேட்பதே இல்லை. பாம்புக்கு வீடு இல்லை, எங்கு விட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்கென்று ஒரு வட்டாரம் உண்டு. எந்தப் பொந்தில் வெயிலுக்கு ஒதுங்கலாம், எந்த வடிகாலில் தவளை இருக்கும், கீரி எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அந்த வட்டாரத்துக்குள்தான் அதற்குத் தெரியும். அதைத் தூக்கிப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி விட்டால் அது ஒளிய இடம் தெரியாமல் அலையத் தொடங்கும். அலையும் பாம்பு ரோட்டைக் கடக்கும், பகலில் வெளியே வரும், மனிதர் கண்ணில் படும்.

இது என் ஊகம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒருவகைக் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ரேடியோ பொருத்திப் பின்தொடர்ந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இடம் மாற்றி விடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அந்த இடத்திலேயே வாழ்ந்தவற்றில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் செத்தன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் புறநகரில் புலிப் பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. அது உங்கள் லேஅவுட்டுக்கு இன்னும் நெருக்கம்: ஏரி, பூங்கா, வீடுகள் கலந்த இடம். அங்கே இடம் மாற்றி விட்ட பாம்புகள் மற்றவற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு பரப்பில் சுற்றி அலைந்தன. நம் கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகங்களைப் பின்தொடர்ந்தபோதும், இடம் மாற்றியது நெடுந்தூரம் அலைந்ததையே பார்த்தார்கள். அது மிகச் சிறிய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் நகரத்துக்குள் அச்சு அசல் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் திசை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது. பழகிய வட்டாரத்தைவிட்டுத் தூரமாகக் கொண்டுபோய் விடுவது பாம்புக்குக் கேடு.

கேடு பாம்போடு நிற்பதும் இல்லை. ‘பன்னேர்கட்டா காடு’ என்று சொல்லும்போது மனிதரே இல்லாத இடம் என்று நமக்குத் தோன்றுகிறது. நடைமுறையில் காட்டின் நடுவுக்குள் யாரும் நடந்துபோய் விடுவதில்லை. வண்டி போகிற ஓரத்தில் பையைத் திறப்பார்கள். அந்த ஓரம் ஆனேக்கல் பக்கத்து ராகி வயலும் ஆட்டுப்பட்டியும். அங்கே விடியற்காலையில் வெறுங்காலோடு புல் அறுக்கப் போகிற ஒருவரின் நிலத்தில் நாம் நம் கண்ணாடி விரியனை இறக்கிவைத்துவிட்டு வருகிறோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது; ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலானவர் கிராமத்து விவசாயக் குடும்பத்தினர், பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பருக்குள். அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் நாம் நம் பயத்தைப் பையில் கட்டி, ஏற்கெனவே அதிகம் சாகிற ஜனங்களிடம் அனுப்புகிறோம். இந்த வேலையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவர் சம்பளத்துக்குக் கணக்குக் காட்டவாவது பாம்பு பிடிக்க வேண்டியிருக்கும், வேலிக்கு வெளியே தன் பாட்டுக்குப் போகிற சாரையையும் சேர்த்து. அசோசியேஷனில் இதை நேராகவே சொல்லுங்கள்.

அப்படியானால் பிடிக்கவே கூடாதா என்றால், பிடிக்க வேண்டிய நேரங்கள் உண்டு. வீட்டுக்குள், மூடிய அறைக்குள், குழந்தைகள் புழங்கும் இடத்தில், வண்டி என்ஜினுக்குள் பாம்பு இருந்தால் எடுத்தாக வேண்டும். அடிபட்டிருந்தாலோ வலையில் சிக்கியிருந்தாலோ எடுத்தாக வேண்டும். காரியம் தெரிந்தவர் அதை எப்படிச் செய்வார் என்று சொல்கிறேன், பார்த்துத் தெரிந்துகொள்ள உதவும். அவர் கழுத்தைப் பிடிக்க மாட்டார், வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு போட்டோ எடுக்கச் சொல்ல மாட்டார். ஒரு கொக்கியும், ஒரு துண்டு பிவிசி குழாயும், குழாயின் வாயில் இறுகக் கட்டிய கறுப்புத் துணிப்பையும்தான் சாமான். குழாயைச் சுவர் ஓரமாகப் பாம்புக்கு முன்னால் கிடத்திவிட்டு, கொக்கியால் மெல்ல ஒதுக்கினால் போதும். பாம்புக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு இருட்டுப் பொந்து. நாக்கை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டுத் தானாகவே குழாய்க்குள் நுழைந்து பையில் போய்ச் சுருண்டுகொள்ளும். பையை முறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. சீறலும் இல்லை, வேடிக்கையும் இல்லை. இடுக்கியால் நடு உடம்பை நெரித்துப் பிடித்தால் விலா எலும்பு முறியும். வெளியே காயம் தெரியாமல் நாலு நாள் கழித்துச் சாகும். கண் பால்நீலமாக மங்கியிருந்தால் சட்டை கழற்றப் போகிறது, பார்வை சரியாக இல்லை, சட்டென்று கடிக்கும் என்று அவருக்குத் தெரியும். வயிறு உப்பியிருந்தால் இப்போதுதான் இரை விழுங்கியிருக்கிறது, கையாண்டால் கக்கிவிடும் என்பதும் தெரியும்.

பிடித்தபின் எங்கே விடுவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அதே வட்டாரத்தில், வீடுகளுக்குச் சற்றுத் தள்ளி, ராஜகாலுவே ஓரத்துப் புதரிலோ ஏரிக்கரையிலோ ஒளிய இடம் பார்த்து, அன்றே விடுகிறேன் என்று சொன்னால் அவர் நல்ல ஆள். நானும் முடிந்தவரை ஒரு கிலோமீட்டருக்குள்தான் விடுகிறேன். ஒரு கிலோமீட்டர் என்ற அளவு எங்களைப் போன்றவர்கள் வைத்துக்கொண்ட நடைமுறை, சோதித்து நிரூபித்த எல்லை இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்: அவ்வளவு பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடாதா? வரலாம். உங்களைத் தேடி வராது, தன் பழைய வழியில் போய்வரும். அது இத்தனை நாளாக அங்கேதான் இருந்தது, உங்கள் கண்ணில் பட்டது ஒரு நாள்தான். கண்ணாடி விரியனுக்கு மட்டும் நான் இன்னும் கவனமாக இடம் பார்ப்பேன். ஆள் நடக்கும் தடத்துக்குப் பக்கத்தில் விட மாட்டேன். முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலிபோல் வட்டங்கள், சீறினால் குக்கர் விசில் போகிற மாதிரி சத்தம். அதை மண்ணுளி என்று நினைத்துக் கையில் எடுப்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். காயம்பட்டவற்றைக் கெங்கேரி பக்கம் இருக்கும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனை போன்ற இடங்களில் சேர்க்கலாம். ஆள் கூப்பிட வேண்டுமானால் கர்நாடக வனத்துறையின் 1926 எண், அல்லது மாநகராட்சியின் வனப்பிரிவு வழியாகப் போங்கள். வருபவரிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வரும். 2022-இல் திருத்தியபின் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை மூன்றும் அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன, உடும்பு முன்பிருந்தே இருக்கிறது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காக அடித்தால் குற்றம் இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் செக்யூரிட்டி பயத்தில் அடித்துவிட்டார். அவரைத் திட்டாதீர்கள், அடுத்தமுறை யாரைக் கூப்பிட வேண்டும் என்று எண்ணை எழுதி கேட்டில் ஒட்டுங்கள்.

ஊர்வனவற்றில் யாரையுமே கூப்பிட வேண்டாதவை நிறைய. காலி சைட்டில் உடும்பு திரிகிறதா, விட்டுவிடுங்கள். அது எலியையும் முட்டையையும் அழுகினதையும் தின்று சுத்தம் செய்கிறது; மூலையில் மடக்கினால்தான் வாலால் அடிக்கும். அதை இறைச்சிக்கும், ‘ஹத்தா ஜோடி’ என்று அதன் ஆணுறுப்பை உலர்த்தி மூலிகை வேர் என்று ஏமாற்றி விற்பதற்கும் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உடும்பு இருப்பதை வாட்ஸ்அப் குழுவில் இடத்தோடு போடாமல் இருப்பது நல்லது. ‘அரணை கடித்தால் உடனே மரணம்’ என்பதைக் கேட்டே வளர்ந்தோம், ஆனால் அரணைக்கு விஷமே இல்லை. கடித்துவிட்டுச் சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரமேறிப் பார்க்கும் என்று பெயர் வாங்கிய கொம்பேறி மூக்கனுக்கும் மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை. ஓணானும் தவளையும் தேடித்தான் மரமேறுகிறது. பெங்களூர்ப் பாறைகளிலும் காம்பவுண்டுச் சுவர்களிலும் தலையாட்டும் பாறை ஓணானை வைத்து இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு அருமையான ஆய்வு செய்தார்கள், 2019-இல் வந்தது. இரண்டு மறைவிடங்களில் எது பத்திரமானது என்பதைக் கிராமப்புறத்து ஓணான்களைவிட நகர்ப்புறத்தை ஒட்டி வாழ்பவை வேகமாகக் கற்றுக்கொண்டன. நம்மோடு வாழப் பழகிக்கொண்டவற்றைத்தான் ‘காட்டில் விடுங்கள்’ என்கிறோம்.

இனி அசோசியேஷனின் யோசனைகள். கார்பாலிக் ஆசிட், பூண்டு, கந்தகம், நாப்தலின் உருண்டை எதுவும் பாம்பை விரட்டும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆசிட் குழந்தைகளின் தோலைப் புண்ணாக்கும், மழையில் கரைந்து ஏரிக்குப் போகும். காலி சைட்டைக் கொளுத்தினால் ஓணானும் முட்டையும் கருகும். பிழைத்த பாம்பு நெருப்புக்குத் தப்பி உங்கள் பக்கம்தான் ஓடிவரும். புல்லைப் பகலில், உங்கள் சுவர் பக்கம் ஆரம்பித்து வெளிநோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல்லுங்கள். ஒதுங்க அதற்கு வழி இருக்கும். எலிக்காக வைக்கும் பசை அட்டையைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட எலியைத் தின்ன வந்து பாம்பும் ஒட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு செதிலாகப் பிரிக்க மணிக்கணக்கில் ஆகும். இழுத்தால் தோலோடு வரும். தோட்டத்தில் குரங்குக்கும் புறாவுக்கும் கட்டும் நைலான் வலையும் அப்படியே. ஒரு கண்ணியில் தலையை விட்ட சாரை முன்னே போகப் போக வலை செதிலுக்கு அடியில் இறங்கி அறுக்கும். பின்னால் வரவும் முடியாது. வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் முடிந்தது. வலையைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பாம்பு வருவதற்குக் காரணம் எலி, எலி வருவதற்குக் காரணம் குப்பை. உங்கள் லேஅவுட்டில் ஈரக்குப்பை எங்கே கொட்டப்படுகிறது, நாய்களுக்கு வைக்கும் சோறு இரவில் மிச்சம் கிடக்கிறதா என்று ஒரு சாயங்காலம் சுற்றிப் பாருங்கள். கட்டடம் கட்டி மிஞ்சிய கல், ஸ்லாப், டைல்ஸ் குவியலைத்தான் நல்ல பாம்பு மாளிகையாக எடுத்துக்கொள்ளும். அதை அப்புறப்படுத்தச் செலவாகும், ஆனால் மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. பாத்ரூம் வடிகாலுக்கும் குழாய் நுழையும் துளைக்கும் நுண்ணிய கம்பிவலை, கதவுக்குக் கீழே பிரஷ் பட்டை. பென்சில் நுழையும் இடத்தில் குட்டி நுழையும். செருப்பையும் ஹெல்மெட்டையும் தட்டிப் பார்த்துப் போடுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். அப்புறம், உங்கள் பக்கத்தில் கட்டுமான ஷெட்டில் படுக்கிற தொழிலாளர்களையும் இரவு செக்யூரிட்டியையும் யாராவது நினைத்தீர்களா? கட்டு விரியன் இரவில் தரையில் படுத்தவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகும், விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொருகுதல், மூச்சு முட்டல் என்று வரும். ஒரு கட்டிலும், மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலையும் அவர்கள் உயிரைக் காக்கும். அசோசியேஷன் பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.

வீட்டுக்குள் பாம்பைப் பார்த்துவிட்டால் அறையில் இருப்பவர்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, அடியில் ஒரு துண்டைச் செருகிவிட்டு 1926-ஐ அழையுங்கள். திறந்த இடம் என்றால் மூன்று மீட்டராவது தள்ளி நின்று, எங்கே போகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; நாங்கள் வருவதற்குள் காணாமல் போன பாம்புதான் எல்லோரையும் ராத்தூக்கம் இல்லாமல் செய்வது. படம் எடுத்தால் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுங்கள். தண்ணீரோ பினாயிலோ ஊற்றாதீர்கள், நாயைக் கட்டுங்கள். வெளியே தன் வழியில் போய்க்கொண்டிருந்தால் போகட்டும், யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். எந்த மருத்துவமனையில் அந்த மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கிறது என்பதை இன்றே போன் செய்து கேட்டு வையுங்கள், 108-இடமும் சொல்லலாம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். எது கடித்தது என்று தெரியாவிட்டாலும் மருத்துவர் அறிகுறியைப் பார்த்தும், இரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்தும் முடிவெடுப்பார். கர்நாடகத்தில் 2024 பிப்ரவரியிலிருந்து பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். கடி பதிவாகிறதா என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

கடைசியாக உங்கள் தம்பி. ஆர்வம் நல்லது, யூடியூப் பார்த்துப் பிடிக்கத் தொடங்குவது சாவு. நல்ல பாம்புக்கு முத்தம் கொடுத்து வீடியோ எடுத்தவர்கள் செத்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நம் ஊர்ப் பக்கத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகியவர்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி வருகிறது; பாம்பைச் சில வாரம் வைத்து விஷம் எடுத்தபின் திரும்ப விட்டுவிடுவார்கள். அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அவர்கள் வேலை செய்யும்போது பார்த்தால் கை எவ்வளவு நிதானமாக நகர்கிறது என்பது கண்ணில் படும். தம்பி முதலில் ஒரு வருடம் பிடிக்காமல், அனுமதி உள்ள ஒருவரோடு பை தூக்கிக்கொண்டு சுற்றட்டும். பாம்பை அடையாளம் காணவும், கூட்டத்தை விலக்கவும், ‘இதைப் பிடிக்க வேண்டாம், விடுங்கள்’ என்று பயந்துபோன வீட்டுக்காரருக்குப் புரியவைக்கவும் கற்கட்டும். கேரளத்தில் வனத்துறையே பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தந்து, ‘சர்ப்பா’ செயலி வழியாக ஆட்களை அனுப்புகிறது. அந்த மாதிரி பயிற்சி இங்கே எப்போது நடக்கிறது என்று உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் அவர் நேரில் கேட்கலாம்.

அடிபட்ட அந்த மூன்றாவது பாம்பை யாராவது படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள். தலையும் கழுத்தும் ஒரு படத்தில், நடு முதுகின் செதில்கள் தெரிகிற மாதிரி இன்னொன்றில் இருந்தால் வரையனா விரியனா என்று சொல்லிவிடலாம். விரியன்தான் என்றால் ஷெட்டில் படுப்பவர்களின் கட்டில் விஷயத்தை அடுத்த மாதக் கூட்டம்வரை தள்ளிப்போடாதீர்கள்.